மண்டல விருதுக்கு விண்ணப்பிக்குமுன்: மக்கள் தொடர்புப் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

தென் மண்டல அளவில் மக்கள் தொடர்புத் துறையினருக்கான விருதுப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டிருக்கும் இவ்வேளையில், நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இப்பணியில் இருக்கும் வாசகர்கள் பலர் ஐயங்களை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்காக நாங்கள் நடத்திய கண் பரிசோதனை முகாம்களைப் பற்றி நாளிதழ்களில் நிறையச் செய்திகள் வந்தன. அச்செய்திகள் பிடித்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்தால் பல லட்சம் ரூபாய் வருகிறது. இத்தொகையை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் குறிப்பிடலாமா?
(மருத்துவமனை அலுவலர், பாளையங்கோட்டை)

பதில்: எந்தப் பக்கத்திலும் குறிப்பிட வேண்டாம் என்பதே என் கருத்து. செய்தியை விளம்பர விலையால் மதிப்பிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வலுவாக இருப்பதற்குக் காரணம், நிர்வாகக் குழுவின் முன் வைப்பதற்கு வசதியான ஒரு தொகையை அது கொடுத்துவிடுகிறது என்பதுதான். ஆனால் தகவல் தொடர்பின் விளைவுகளை அளவிடுவோருக்கான பன்னாட்டு அமைப்பான ஏமெக் 2010ஆம் ஆண்டு பார்சிலோனாவில் கூட்டிய மாநாட்டில், இத்தொகை மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பு ஆகாது என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. பார்சிலோனா கோட்பாடுகள் எனப்படும் அவ்வறிக்கை 2015இலும் 2020இலும் திருத்தி வெளியிடப்பட்டபோதும் இந்த நிலைப்பாடு மாறவில்லை. ஆகவே, துறையின் போக்கை அறிந்த நடுவர் ஒருவர் தங்கள் முதல் பக்கத்தில் இந்த லட்சக்கணக்கைப் பார்த்தால், மீதிப் பக்கங்களையும் ஐயத்தோடுதான் படிப்பார்.

மாநாட்டுத் தீர்மானம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கணக்கு ஏன் தவறு என்பதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். முகாமுக்கு வந்த முதியவர்கள் வெயிலில் நிற்கவைக்கப்பட்டார்கள் என்று ஒரு நாளிதழ் கால் பக்கத்துக்கு எழுதியிருந்தால், அதே பெருக்கலின்படி அதற்கும் ஒரு பெருந்தொகை வரும். அதைத் தங்கள் சாதனையாகச் சேர்ப்பீர்களா? மேலும், நெல்லைப் பதிப்பில் மட்டும் வந்த செய்திக்கு அனைத்துப் பதிப்புகளுக்கான கட்டணத்தைப் போட்டுப் பெருக்கிய விண்ணப்பங்களையும் நான் நடுவராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். செய்தி நறுக்குகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இணைப்பில் இருக்கலாம். எத்தனை பேர் படிக்கும் இதழில், தங்கள் செய்தியின் மையக் கருத்து வந்ததா இல்லையா என்ற குறிப்புடன் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் முதல் பக்கத்தில் எதை எழுதுவது? சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது தொடக்கத்தில் வெளியே தெரியாது, வலியும் இராது; பார்வை மங்கிய பிறகுதான் மக்கள் மருத்துவரைத் தேடி வருகிறார்கள். எனவே, பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளச் செய்வதே தங்கள் பணியின் உண்மையான நோக்கம். அந்த நோக்கத்தைப் பணி தொடங்குமுன் எழுதி வைத்தீர்களா, யாரை, எத்தனை பேரை, எந்தக் காலத்துக்குள் என்று வரையறுத்தீர்களா என்பதைத்தான் நடுவர் முதலில் தேடுவார். ஆய்வு, திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பீடு என்ற நான்கு படிகளை வைத்தே இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் மதிப்பெண் இடப்படுகிறது. நம்மவர்கள் மூன்றாம் படியைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு மற்ற மூன்றையும் ஒவ்வொரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக, மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளில் வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆகவே அரைநாள் முகாமில் உட்கார்ந்தால் அரைநாள் கூலி போய்விடும். முகாமுக்கு முன் பத்துப் பதினைந்து வீடுகளில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்கும், அதுதான் ஆய்வு. சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்க அவர்கள் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அவர்கள் வரும் நேரத்திலேயே பரிசோதனையை வைத்திருந்தால் அது திட்டமிடல். பதிவுச் சீட்டில் 'முன்பு எப்போதாவது விழித்திரை பார்த்ததுண்டா', 'முகாம் பற்றி யார் சொல்லித் தெரியும்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்திருந்தால் மதிப்பீட்டுக்கு வேண்டிய சான்று தானே சேர்ந்துவிடும். வந்தவர்களில் எத்தனை பேருக்கு அதுவே முதல் பரிசோதனை, சிகிச்சைக்கு வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்ற இரு எண்களும் தங்களிடம் இருந்தால், அவை சிறியவையாக இருந்தாலும் அந்த லட்சங்களைவிடக் கனமானவை. இல்லையென்றால் இவ்வாண்டு விண்ணப்பிக்காமல், அந்த இரு கட்டங்களையும் சீட்டில் சேர்த்துவிட்டு அடுத்த ஆண்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம். இரண்டு ஆண்டுகளாகக் கூந்தன்குளத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க வேண்டாம் என்று பிரசாரம் செய்துவருகிறோம். கூந்தன்குளத்தில் யாரும் வெடிக்கவில்லை. இதை வெற்றியாகக் காட்டி விண்ணப்பிக்கலாமா?
(தொண்டு நிறுவனப் பணியாளர், நாங்குநேரி)

பதில்: கூந்தன்குளத்தைப் பொறுத்தவரை கூடாது. அவ்வூர் மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசைத் தவிர்ப்பது தங்கள் பிரசாரத்துக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வரும் வழக்கம். 1994இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டும் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துப் பார்த்த ஊர் அது. ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தங்கள் கணக்கில் எழுதுவது அவ்வூர் மக்களுக்குச் செய்யும் அநீதி. நடுவர் குழுவில் நெல்லைச் சீமையை அறிந்த ஒருவர் இருந்தாலே விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் 'சுற்றுவட்டார ஊர்களிலும்' என்று எழுதியிருக்கிறீர்களே, விருதுக்குரிய பணி அங்கேதான் இருக்கிறது. அந்த வழக்கம் இல்லாத ஊர்களில் பிரசாரத்துக்கு முன் நிலைமை எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது, கூந்தன்குளத்துப் பெரியவர்களையே அழைத்துப்போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் பேசவைத்தீர்களா, எந்த ஊரில் தங்கள் பேச்சு எடுபடவில்லை என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். முன்நிலை பற்றிய குறிப்பு எதுவும் இல்லாவிட்டால், பின்னிலையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அது விளைவு என்று கொள்ளப்படாது. எடுபடாத ஊரையும் சேர்த்து எழுதுவதால் மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டாம். என் அனுபவத்தில் அத்தகைய விண்ணப்பங்கள்தாம் நம்பத்தகுந்தவையாகத் தோன்றியிருக்கின்றன.

கேள்வி: இத்தகைய விருதுகளின் வரலாறு என்ன? மண்டல அளவில் தனியே நடத்துவது எதற்காக?
(இதழியல் மாணவி, அபிஷேகப்பட்டி)

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்தின் சில்வர் ஆன்வில் விருதுகள் இத்துறையின் பழைய விருதுகளுள் குறிப்பிடத்தக்கவை, 1940களிலேயே தொடங்கியவை. 1955இல் லண்டனில் தோன்றிய பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் 1990இல் கோல்டன் வேர்ல்டு விருதுகளை ஏற்படுத்தியது. நம் நாட்டில் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958இல் தொடங்கப்பட்டது. புதுதில்லியில் 1968 ஏப்ரல் 21 அன்று நடந்த முதல் அகில இந்திய மாநாட்டில் தொழிலுக்கான ஒழுக்க நெறிகள் ஏற்கப்பட்டதை நினைவுகூர்ந்துதான் அந்நாள் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மண்டலப் போட்டிகளின் தேவை எளிதில் விளங்கக்கூடியது. தலைநகரத்துப் பெரிய ஏஜென்சிகளின் பணபலத்துக்கு முன்னால் சிறு நகரத்துப் பணி மறைந்துவிடும் என்பதால், பிரிட்டனில் பட்டய மக்கள் தொடர்புக் கழகம் பிரைடு விருதுகள் என்ற பெயரில் பகுதிவாரியாகப் போட்டி நடத்திவந்திருக்கிறது. அமெரிக்கச் சங்கத்தின் ஊர்க் கிளைகளும் தத்தமக்கென விருதுகள் வைத்திருக்கின்றன. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் குடும்பத்துக்கு ஒரு செய்தி சேர்ந்ததா என்பதை அவ்வட்டாரத்தை அறிந்த நடுவர் அறிந்துகொள்வதுபோல மும்பையில் இருப்பவரால் அறிந்துகொள்ள முடியாது.

தங்கள் ஆர்வத்துக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, பத்திரிகைகளுக்கு உண்மையான தகவல்களை விரைந்தும் வெளிப்படையாகவும் தருவோம் என்று அந்நாட்டு மக்கள் தொடர்பு முன்னோடி ஐவி லீ வெளியிட்ட கொள்கை அறிவிப்பை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகத் தங்கள் பாடநூல்கள் சொல்லும். அது வெளியான 1906ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை இழுத்தபோதும், எதற்காகச் சுதேசிக் கப்பலில் ஏற வேண்டும் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிப் பங்கு சேர்த்த அந்த உழைப்பை, மக்கள் தொடர்பு பயிலும் நம் மாணவர்கள் யாரேனும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் ஆலையின் சார்பில் சுற்றியுள்ள கிராமங்களுக்கு எச்சரிக்கையும் தகவலும் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் ஆயிரக்கணக்கான செய்திகள் போயின. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும் சொன்னோம். நெருக்கடிக்காலத் தொடர்பு என்ற பிரிவில் அனுப்பலாம் என்கிறார் மேலாளர். ஊரே தத்தளித்த நேரத்தைக் காட்டி விருது கேட்பது சரியா என்று எனக்கு மனம் உறுத்துகிறது.
(ஆலைப் பணியாளர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்)

பதில்: தங்கள் உறுத்தல் நியாயமானது, அதை மேலாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். அத்தகைய நாளில் எந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை ஒழுங்காகப் பதிவு செய்து வைப்பது அடுத்த வெள்ளத்தில் உயிர் காக்கக்கூடிய அறிவு. அந்தப் பதிவைத் துறையினர் முன் வைப்பதற்கு விருதுப் போட்டி ஒரு வழி என்று கொண்டால் அனுப்பலாம். நிறுவனத்தின் பெயருக்கு மெருகு ஏற்றுவதே நோக்கம் என்றால் அனுப்பாதிருப்பது நல்லது. இவ்விரண்டில் எது என்பது விண்ணப்பத்தின் நடையிலேயே தெரிந்துவிடும்.

அனுப்புவதாக முடிவு செய்தால், 'ஆயிரக்கணக்கான செய்திகள்' என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்த இடங்களில் வாட்ஸ்அப் செய்தி ஒற்றைக் குறியோடு நின்றிருக்கும். அது அனுப்பியவர் கையில் இருக்கும் கணக்கே தவிர, பெற்றவர் கையில் இருக்கும் செய்தி அன்று. குழுப் பொறுப்பாளர்களின் கைபேசிகளில் அந்தப் பதிவுகள் இன்னும் இருந்தால், எத்தனை மணிக்கு அனுப்பியது எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று எடுத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்துச் சேர்ந்த எச்சரிக்கையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஆட்டோ ஒலிபெருக்கி எந்தத் தெரு வரை போக முடிந்தது, தண்ணீர் எங்கே மறித்தது, அதற்கு அப்பால் இருந்தவர்களுக்குக் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் வழியாகச் சொல்ல யாரேனும் முன்வந்தார்களா, அவர்களோடு தங்கள் ஆலைக்கு வெள்ளத்துக்கு முன்பே பழக்கம் இருந்ததா என்பதெல்லாம் விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதி. நெருக்கடி வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. 'அண்ணாச்சி, நம்ம ஆலைல இருந்து பேசுதேன், பிள்ளையளக் கூட்டிட்டு மேட்டுக்குப் போயிருங்க' என்று ஒருவர் சொன்னால் கேட்டவர் கிளம்புவதற்கு, சொன்னவரை அவர் அதற்கு முன்பே நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை எத்தனை ஆண்டில், எப்படி வந்தது என்று எழுத முடிந்தால் தங்கள் விண்ணப்பம் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

படங்களில் மிகுந்த கவனம் வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டும் மனிதரின் முகத்தை, அவருடைய இசைவில்லாமல் விருது மேடைத் திரையில் காட்டுவது எவ்வகையிலும் தகாது. 1965இல் ஏதென்ஸ் நகரில் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஒழுக்க நெறித் தொகுப்பு, மனித உரிமைப் பிரகடனத்தை அடிப்படையாகக் கொண்டு மனித மாண்பை முன்னிறுத்துகிறது. நம் தொழிலுக்கு அதுவே வேலி. அந்த மனிதரைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் படம் வேண்டாம். தண்ணீர் ஏறிய அளவு சுவரில் பதிந்த கறையின் படம் ஒன்று இருந்தால் அதுவே போதிய சான்று.

கேள்வி: விண்ணப்பக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். பணம் கட்டினால் விருது என்பதுதானே இது?
(ஜவுளி நிறுவன அலுவலர், தென்காசி)

பதில்: கட்டணம் கேட்பதனாலேயே ஒரு போட்டியைத் தள்ளிவிட முடியாது. நடுவர்களின் பயணம், அரங்கு, ஆவணப் பணி எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. பெயர்பெற்ற பன்னாட்டு விருதுகளும் கட்டணம் வாங்குகின்றன. பார்க்க வேண்டியவை வேறு. நடுவர்கள் யார் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்களா? எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சிட்டிருக்கிறார்களா? தம் நிறுவனத்தின் விண்ணப்பம் வரும்போது நடுவர் விலகிக்கொள்ள விதி இருக்கிறதா? தகுதியான விண்ணப்பம் இல்லாத பிரிவில் விருதை நிறுத்திவைத்த வழக்கம் உண்டா? தோற்றவர்களுக்கு நடுவர்களின் கருத்துரை கிடைக்குமா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் கட்டணத்தைக் கட்டலாம். தாங்கள் விண்ணப்பிக்காமலேயே, 'தங்கள் நிறுவனம் தேர்வு செய்யப்பட்டுள்ளது, விழாவுக்கு இவ்வளவு தொகை அனுப்புக' என்று கடிதம் வந்தால் அது போட்டியே அன்று. அதற்குப் பதில் எழுதவும் வேண்டியதில்லை.

கேள்வி: வேலையெல்லாம் நான் செய்தேன். விண்ணப்பத்தில் மேலதிகாரியின் பெயர் மட்டும் போகிறது. என்ன செய்வது?
(இளநிலை அலுவலர், தூத்துக்குடி)

பதில்: பல போட்டிகளில் குழு உறுப்பினர்களின் பெயர்களைச் சேர்க்க இடம் இருக்கிறது. விதிமுறையில் அந்த இடத்தைக் காட்டி, யார் எதைச் செய்தார்கள் என்ற பட்டியலைத் தாங்களே எழுதிக் கொடுங்கள். உடன் உழைத்த ஓட்டுநர், ஒளிப்படக்காரர் பெயர்களையும் அதில் சேருங்கள். எழுதிக் கொடுத்த பட்டியலை நீக்குவது, எழுதாததை மறப்பதைவிடக் கடினம். மேலதிகாரிகளாக இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இளையவரின் உழைப்பைத் தம் பெயரில் அனுப்பும் அலுவலகத்தில் நல்ல ஆட்கள் நெடுநாள் தங்குவதில்லை.

கேள்வி: ஐயா, பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களின் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மக்கள் தொடர்பு அலுவலர் என்று எங்களிடம் யாரும் இல்லை. இடைத்தரகர் இல்லாமல் திருமண வீட்டாரே நேரில் வந்து பாய் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கைபேசியில் சிறு காணொளிகள் எடுத்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே விளக்கம் சொல்லிப் பரப்பினோம். வருகிறவர்கள் யார், எந்த ஊர், எப்படித் தெரிந்து வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாங்களும் விண்ணப்பிக்கலாமா? ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?
(சங்கக் கணக்கர், பத்தமடை)

பதில்: அம்மா, இம்முறை வந்த கடிதங்களுள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது தங்களுடையது. அவசியம் விண்ணப்பியுங்கள். பதவிப் பெயரைக் கட்டாயமாக்காத போட்டிகளில், குறைந்த செலவுப் பணிகளுக்கோ தொண்டு அமைப்புகளுக்கோ தனிப் பிரிவு இருக்கிறதா என்று விதிமுறையைப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்து, மணமக்கள் பெயரையும் பாயிலேயே நெய்து கொடுக்கும் தொழில் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, உடனே சிக்கலுக்கு வாருங்கள்: தரகர் வழியாக விற்றபோது நெய்தவருக்குக் கிடைத்தது எவ்வளவு, நேரில் விற்றபோது கிடைப்பது எவ்வளவு, காணொளிக்கு முன் ஒரு முகூர்த்த மாதத்தில் நேரில் வந்தவர்கள் எத்தனை பேர், பின் எத்தனை பேர். செலவுக் கணக்கில் தாங்கள் செலவழித்த நேரத்தையும் காட்டுங்கள்; இணையக் கட்டணம் மட்டும்தான் செலவு என்று எழுதினால் அது முழுமையாகாது.

விண்ணப்பம் எந்த மொழியில் என்று அறிவிப்பில் சொல்லியிருக்கிறார்களோ அதில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலம் என்றால் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் உதவியோடு தெளிவான, எளிய வாக்கியங்களில் எழுதுங்கள், அலங்காரம் தேவையில்லை. காணொளிகளை மட்டும் மாற்றாமல் தங்கள் பேச்சிலேயே இணைத்து, கீழே சாரத்தைக் கொடுங்கள். அந்த நோட்டைப் பற்றிப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றிடம் இல்லாத சான்று அது. அதைத் தட்டச்சு செய்து அழகுபடுத்த வேண்டாம். பக்கங்களை அப்படியே படம் எடுத்து, வந்தவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் மறைத்துவிட்டு, ஊரும் தேதியும் 'எப்படித் தெரிந்தது' என்ற குறிப்பும் தெரியும்படி இணைத்து அனுப்புங்கள். கடைசி நாள்வரை காத்திராமல் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.